பாரசீகத்துக்குப் போகமாட்டேன் என்கிற மகனுக்கு

அன்புள்ள மணி,

உன் க்ஷேமத்தை விசாரிக்கப் போவதில்லை. தட்டு நிறைய இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு, மிளகாய்ப்பொடிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் கேட்டு வாங்கிக்கொண்டு, கிரிக்கெட் மட்டையும் கையுமாக நீ படியிறங்கிப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உன் க்ஷேமத்துக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் படபடக்கிறது. போகும்போது டைப்ரைட்டர் மேல் ஒரு தாளை வைத்துவிட்டு, "அம்மா, இத கொஞ்சம் அடிச்சு வெச்சுடு, நாளைக்குக் குடுக்கணும்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு ஓடினாய். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று தாளைப் படித்ததும் தெரிந்தது.

பாரசீகத்து ஆபதானில் எண்ணெய்க் கம்பெனி கொடுத்த வேலை உனக்கு வேண்டாமாம். மூன்று வருஷ ஒப்பந்தம், கணக்குப் பிரிவில் நாற்காலி, போகவர கப்பல் டிக்கெட், ஒன்றும் வேண்டாமாம். காரணம் என்னவென்றால், 'என் தாயார் இதற்குச் சம்மதிக்கவில்லை.' அடேய், உன் தாயார் எப்போது சம்மதிக்கவில்லை? அவளைக் கேட்டாயா? வேலை கிடைத்த சேதி வந்த அன்று நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் கறிகாய்க்காரனிடம், பூக்காரியிடம், கீழ்வீட்டு மராட்டி அம்மாளிடம் எல்லாம், "என் பையன் பாரசீகம் போறான்" என்று தண்டோரா போட்டதை நீ பார்க்கவில்லையா? உன் மாமா மட்டும்தான் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டு, "மணல்காடுடி அது. குடிக்கத் தண்ணி கெடையாது. நீ ஒத்தையா இங்க என்ன பண்ணுவே?" என்றார். என் அண்ணாவுக்குப் பம்பாய்க்குப் பக்கத்துத் தாணேயைத் தாண்டினாலே அது அந்நிய தேசம். அவர் சொன்னதை என் வாயில் போட்டுக் கம்பெனிக்கு எழுதிவிட்டாய்.

நேரில் பேசலாம் என்றால் நீ நின்று கேட்கிற பிள்ளை இல்லை. பாதிப் பேச்சில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. மாமா வந்தால் மாமாவும் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

பாரசீகத்தின் மேல் எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று நீயும் மாமாவும் என்னைக் கேலி செய்வது தெரியும். அந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பதை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். உன் அப்பா போன பிறகு நான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டதும், யுத்தம் தொடங்கிய மறு வருஷம் பார்சி காலனியில் ஜெர்பாய் வீட்டு வேலை கிடைத்ததும் உனக்குத் தெரியும். ஸ்கூலில் பெரிய வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பூசாரி வீட்டுப் பெண், கோபம் மூக்குக்கு மேல். பார்சிக் குழந்தைகளுக்காகப் பழைய பாரசீகத்தின் கதையை இங்கிலீஷில் ஒரு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார், நான் வீட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். முதல் அத்தியாயம் ராஜாக்கள். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். "ஷாபாஷ்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டாவது அத்தியாயம் அவர்களுடைய மதம். அடிக்க ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் அசுரன்தான் பரம்பொருள், ஒளி, ஞானம் என்று எழுதியிருந்தது. தேவர்களைப் போய்ப் பொய்யின் பிள்ளைகள், இருட்டின் கூட்டம் என்று எழுதியிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது, எழுதும்போது கை தவறி இரண்டையும் இடம் மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு தரம் தவறினால் சரி, பக்கத்துக்குப் பக்கமா தவறும் என்று எந்த மண்டுவுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஸ்நானம் பண்ணி, ஸ்வாமிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, அத்தியாயம் முழுவதும் தேவர்களை நல்லவர்களாகவும் அசுரர்களைக் கெட்டவர்களாகவும் மாற்றி, கார்பன் நகல்களோடு பளிச்சென்று அடித்துக் கொடுத்தேன். உதவி செய்துவிட்டோம் என்ற பெருமை வேறு.

மறுநாள் சாயங்காலம் ஜெர்பாய் நம் மாடிப்படி ஏறி வந்தார். அதற்கு முன் அவர் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. மூச்சு வாங்க நின்று, ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பையிலிருந்து தாளை எடுத்து வகுப்பில் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பம்பாய் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்த கதம்பம், உனக்குத் தமிழில் சொல்கிறேன். "என் குழந்தைகள் இதைப் படித்தால் நாளைக்கு அக்யாரிக்குப் போய்ப் பேயைக் கும்பிடும். யார் இதைச் செய்தது?" என்றார். அக்யாரி என்றால் அவர்களுடைய நெருப்புக் கோவில். நான் பயப்படவில்லை. தெரியாதவளுக்கு ஏது பயம்? "நான்தான். நீங்கள் தப்பாக எழுதியிருந்தீர்கள், சரி பண்ணினேன்" என்றேன். "எது தப்பு?" "தேவர்கள் எப்படிக் கெட்டவர்களாக இருக்க முடியும்? உங்கள் ஊர்க் குழந்தைகள் ஆனாலும் சரி, எங்கள் ஊர்க் குழந்தைகள் ஆனாலும் சரி, தப்புச் சொல்லிக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

ஜெர்பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலை போயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார் பார், கண்ணில் தண்ணீர் வந்து, முக்காட்டால் துடைத்துக்கொண்டு, நம் சமையலறை மணையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அரே டிக்ரி, எத்தனையோ தலைமுறையாக எங்கள் பூசாரிகளே இதோடு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ மாட்டுங்காவில் உட்கார்ந்து ஒரே நாளில் எங்கள் மதத்தையே திருத்திவிட்டாயே!" டிக்ரி என்றால் மகளே என்று அர்த்தம். அன்றைக்குத்தான் முதல் தரம் அப்படிக் கூப்பிட்டார்.

மணி, அதற்குப் பிறகு அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அவர்கள் முன்னோரும் வேதம் ஓதியவர்களும் ஒரு காலத்தில் ஒரே குடும்பமாக இருந்தவர்களாம். ஒரே மாதிரி நெருப்பை வளர்த்து, ஒரே மாதிரிப் பாட்டுப் பாடி, ஒரே செடியின் சாற்றைப் பிழிந்து குடித்தவர்கள். பிறகு பிரிந்தார்கள். பிரிந்தபோது, பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி மாதிரி, இவனுக்குச் சாமியானது அவனுக்குப் பேயாயிற்று. நாம் ஸப்த என்கிறோம், அவர்கள் ஹப்த என்றார்கள். நம் ஸிந்து அவர்கள் வாயில் ஹிந்து. நாம் தோளில் போடுகிற நூலை அவர்கள் இடுப்பில் சுற்றுகிறார்கள், அதுவும் ஆணுக்கு மட்டும் இல்லை, பெண்ணுக்கும்! ஜெர்பாய் தன் நூலைத் தொட்டுக் காட்டினார். அதை மாமாவிடம் சொல்லிவிட்டு நான் பார்த்த பார்வைக்கு அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கோ, தொலைந்துபோன சித்தப்பா குடும்பம் பக்கத்துத் தெருவிலேயே குடியிருப்பது தெரிந்த மாதிரி ஒரே குதூகலம்.

போகும்போது ஜெர்பாய் எனக்கு ஒரு சட்டம் போட்டார். "சந்தேகம் வந்தால் நீயாக நிரப்பாதே. அந்த இடத்தைக் காலியாக விடு. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடு. எழுதினவரைக் கேள்." இன்றுவரை அதை நான் மீறியதில்லை. உனக்கும் இதுதான் என் முதல் புத்திமதி. புது ஊருக்குப் போனால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். தப்பு என்று உடனே திருத்தக் கிளம்பாதே, முதலில் கேள். இன்னும் சொல்லப்போனால், நான் அன்றைக்குச் செய்ததைத்தான் இன்றைக்கு நீ எனக்குச் செய்திருக்கிறாய். அம்மா என்றால் மகனைக் கட்டிக்கொண்டு அழுபவள், போகாதே என்று சொல்பவள் என்று நீயாக நினைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமலே என்னைத் திருத்தி எழுதிவிட்டாய்.

அடுத்தது உனக்கே ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். யுத்த காலத்தில் விளக்கணைப்பு உத்தரவு வந்த புதிது. காலேஜ் விட்டு என்னை அழைத்துப் போக ஜெர்பாய் வீட்டுக்கு வந்திருந்தாய். பொழுது சாய்கிற நேரம், அபாயச் சங்கு ஊதிவிட்டது. அவர் வீட்டு முன்னறையில், அவருடைய அப்பா படத்துக்கு முன்னால், கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் எண்ணெயுமாக ஒரு திரி எப்போதும் மிதந்து எரிந்துகொண்டிருக்கும். ஜன்னலில் ஒட்டின கறுப்புக் காகிதம் காற்றில் கிழிந்துபோய், அந்த வெளிச்சம் தெருவில் விழுந்தது. கீழேயிருந்து வார்டன், "பத்தி புஜாவ்! பத்தி புஜாவ்!" என்று விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துகிறான். ஜெர்பாய் ஜன்னலில் தலையை நீட்டி, "நஹி புஜாவூங்கி!" என்று திருப்பிக் கத்துகிறார். நெருப்பை வாயால் ஊதி அணைப்பது அவர்களுக்கு மகாபாவம். நானும் விளக்கை ஊதி அணைக்கிற வீட்டில் பிறந்தவள் இல்லை. இரண்டு பொம்மனாட்டிகளும் திருதிருவென்று விழித்தோம். மோரியில் கொண்டுவைக்கலாம் என்று நான் சொன்னதும், "தீயைக் கொண்டுபோய்க் குளிக்கிற இடத்திலா!" என்று என் மேல் பாய்ந்தார்.

நீதான் முன்னால் வந்தாய். துணியைச் சுற்றித் தம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாய். சுடர் அசையக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குக் கொண்டுபோய் வைத்தாய். ஜெர்பாய் அப்படியே நின்றுவிட்டார். "எங்கள் பூசாரிகள் மூச்சுப் படக் கூடாதென்று வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டுதான் நெருப்புக்கு முன்னால் நிற்பார்கள். இவனுக்கு யார் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அந்தச் சாமான் அறையில் அரிசி மூட்டைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்ன கதையை நீ வாயைத் திறந்தபடி கேட்டாய். அரபுப் படையிடம் ராஜ்ஜியம் போன பிறகு, மதத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கூட்டம் கப்பலேறி குஜராத் கரைக்கு வந்தது. அங்கே நெருப்பை ஏற்றினார்கள். அங்கேயும் படை வந்தது. நெருப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குகைக்குப் போனார்கள், காட்டுக்குப் போனார்கள், ஊர் ஊராகப் போனார்கள். ராஜா இல்லை, கோட்டை இல்லை, சேனை இல்லை. நெருப்பு மட்டும் இன்றுவரை அணையவில்லை. பாரசீகத்திலேயே தங்கினவர்கள் மதம் மாறினார்கள், எழுத்து மாறிற்று. ஆனால் பேச்சு சாகவில்லை. சில தலைமுறை கழித்து அதே பேச்சு கவிதையாக எழுந்து, வென்றவர்களுடைய சபையிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு கூட்டம் நெருப்பைக் காப்பாற்றிற்று, இன்னொரு கூட்டம் மொழியைக் காப்பாற்றிற்று என்று ஜெர்பாய் சொன்னார். அந்தக் கவிதையில் நாலடிப் பாட்டு என்று ஒரு வகை உண்டு. ஒன்று, இரண்டு, நாலாம் அடிகள் ஒரே ஓசையில் முடியும், மூன்றாம் அடி மட்டும் யாரோடும் சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அது உன் ஜாதி என்று அன்றைக்கே உன்னைக் கேலி செய்தேன். அபாய சங்கு முடிந்து தெருவில் இறங்கியதும் நீ என்ன சொன்னாய்? "அம்மா, ஒரு நாள் நான் அந்த ஊரப் பாத்துடுவேன் பாரு." சொன்னாயா இல்லையா?

இப்போது அந்த ஊரே உன்னைக் கூப்பிடுகிறது. எண்ணெய்க் கம்பெனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நான் அங்கே போய்க் கணக்குத்தானே எழுதப்போகிறேன் என்று நேற்று முனகினாய். மண்டு! அந்த மலைகளில் பூமிக்குள்ளிருந்து கசியும் வாயு தானாகவே பற்றி எரிந்த இடங்கள் உண்டாம். எண்ணெய்க் கிணறு தோண்டின ஓர் ஊரில், பக்கத்திலேயே பழைய நெருப்புக் கோவிலின் இடிபாடு நிற்கிறது என்று ஜெர்பாயின் புத்தகத்துக்காக நானே அடித்திருக்கிறேன். நீ கணக்கெழுதப்போகிற எண்ணெயும் அவர்கள் கும்பிட்ட நெருப்பும் ஒரே மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. இதற்கு மேல் உனக்கு என்ன சம்பந்தம் வேண்டும்?

இன்னொன்று. ஜெர்பாயிடம் படங்கள் நிறைந்த ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. பாரசீகத்தில் கிரேக்கப் படை கொளுத்திய அரண்மனையின் படிக்கட்டுச் சுவரில், இருபதுக்கு மேற்பட்ட நாட்டு ஜனங்கள் ராஜாவுக்குக் காணிக்கை கொண்டுவருவதைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒட்டகம் கொண்டுவருகிறவன், குதிரை கொண்டுவருகிறவன் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். திடீரென்று, இடுப்பில் வேட்டி, மேலே சட்டை இல்லை, காலில் செருப்பில்லை, தோளில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் தட்டுத் தொங்குகிறது. காவடி! "நம்மாத்து மனுஷன்!" என்று நான் போட்ட கூச்சலில் ஜெர்பாயின் டீ கொட்டிப்போயிற்று. அவன் சிந்துக் கரைக்காரன், உன் ஊர்க்காரன் இல்லை என்று அவர் சொன்னார். இருக்கட்டுமே. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாக அவன் அந்தப் படியிலேயே நிற்கிறான், வேட்டி கட்டின ஒருத்தன் போய்ப் பார்க்க வேண்டாமா? லீவு கிடைக்கும்போது லாரியோ பஸ்ஸோ பிடித்துப் போ. அவன் கால் கட்டைவிரல் தேய்ந்துவிட்டதா, முழுசாக இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. எனக்கு அந்த ஊருக்குப் போக ஆசை. கொள்ளை ஆசை. எனக்கு வாய்க்காது, உனக்கு வாய்த்திருக்கிறது. அதனால்தான் உடம்பு படபடக்கிறது, வேறொன்றும் இல்லை.

நீ போனால் நான் அழுவேனா என்றால், அழுவேன். கப்பல் துறையிலேயே ஊர் சிரிக்க அழுவேன். உன் தட்டைக் கழுவி வைக்கும்போதெல்லாம் அழுவேன். அது என் பாடு. ஆனால் தனியாக இருக்கமாட்டேன். புத்தகத்தில் கவிஞர்களைப் பற்றின பாகம் முழுவதும் இன்னும் அடிக்க வேண்டியிருக்கிறது. டைப் கற்றுக்கொள்ளத் தெருவில் இரண்டு பெண்கள் என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். பாரசீக எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுப்பதாக ஜெர்பாய் வாக்குக் கொடுத்திருக்கிறார். நீ அங்கிருந்து அந்த எழுத்தில் ஒரு வரி எழுதிப் போடு, நான் தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

ஒருவேளை உனக்குத்தான் பயமோ? அப்படியிருந்தால் வெட்கப்படாதே. கடல், வெயில், தெரியாத பாஷை, யாருக்குத்தான் பயமிருக்காது? 'எனக்குப் பயமாக இருக்கிறது, வேலை வேண்டாம்' என்று எழுது. எழுத்துப் பிசகாமல் அழகாக அடித்துத் தருகிறேன், அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லிக் காட்டமாட்டேன். ஆனால் அந்த ஊரில் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூன்றே பாடம்தானாம்: குதிரை ஏறுவது, வில் எய்வது, உண்மை பேசுவது. எல்லாப் பாவத்துக்கும் தாய் பொய் என்பதுதான் அவர்கள் மதத்தின் அஸ்திவாரம். குதிரையும் வில்லும் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. மூன்றாவதைச் சொல்லிக்கொடுத்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டபடி உன் கடிதத்தை அடித்துவிட்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை, அந்தப் புத்தி எனக்கு எப்போதோ வந்துவிட்டது. தேதி, விலாசம், வணக்கம், வேலை வேண்டாம் என்பது, கீழே உன் பெயர், எல்லாம் இருக்கிறது. 'என் தாயார் சம்மதிக்கவில்லை' என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். தாளை மிஷினிலிருந்து எடுக்கவில்லை, ரிப்பன் புதுசு. விளையாடிவிட்டு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு உட்கார். உனக்கும்தான் டைப் அடிக்கத் தெரியுமே. நான் அடுக்களையில்தான் இருப்பேன், சத்தம் கேட்கும். அந்த வரியை உன் விரலால் நீயே அடி, பார்க்கலாம்.

உன்,
அம்மா